கிரேக்கச் செல்வம் யாருடையது?

கிரேக்கரைப் பற்றிய பேச்சு எழுங்கால் நம் மாணவரிடையே இருவகைக் கூற்றுக்கள் கேட்கப்படுகின்றன. கிரேக்கக் கலை மேனாட்டார்க்கே உரிய குடும்பச் சொத்து. தமிழ் கற்கும் நமக்கு அதனால் ஆவது யாதுமில்லை என்பது ஒன்று. கிரேக்கர் பல தெய்வங்களை வணங்கிய புறச்சமயத்தார். அவர்தம் நூல்களைக் கிறிஸ்தவ மாணவன் கற்பானேன் என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றும் ஒரே தவற்றினின்றும் பிறந்தவை என்பது என் துணிபு. கல்விச் செல்வம் அதனை ஈட்டினாரின் குருதி வழியினர்க்கும் சமயத்தார்க்குமே உரியது என்னும் எண்ணமே அத்தவறு. கிரேக்கச் செல்வம் ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றை ஒருமுறை நோக்கின், இவ்வெண்ணம் நில்லாது.

முதற்கண், கிரேக்கர் தாமே பிறரிடம் கடன் கொண்டவர் என்பதை மறத்தலாகாது. அவர் எழுதிய எழுத்துக்கள் பினீசியரிடம் பெற்றவை. இதனை அவர் மறைத்தாரல்லர். வரலாற்றாசிரியராகிய ஹெரடோட்டஸ், தம் மக்கள் எழுத்தைப் பினீசியரிடமே கற்றனர் என்று வெளிப்படையாக எழுதினார். நிலவளவைக் கலை எகிப்திலிருந்தும் நிழற்கடிகை பாபிலோனிலிருந்தும் வந்தன என்றும் குறித்தார். ஆயினும், பெற்றதனைப் பெற்றவாறே அவர் வைத்திருந்தாரில்லை. பினீசிய எழுத்தில் உயிரெழுத்துக்கள் இல்லாமை கண்டு, தமக்கு வேண்டாத குறிகள் சிலவற்றை உயிர்க்குறிகளாக மாற்றிக்கொண்டனர். நிலம் அளக்கப் பயன்பட்ட கலையை, ‘இஃது ஏன் இவ்வாறாதல் வேண்டும்?’ என்று வினவி வினவி, கி. மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் காலத்தில், ஒன்றினின்று ஒன்றை மெய்ப்பித்துச் செல்லும் ஒழுங்கான நூலாக்கினர். கிரேக்கர்க்கே சிறந்த உரிமை ஒன்று கூறவேண்டுமாயின், ‘ஏன்?’ என்னும் இவ்வினாவை விடாது பற்றிநின்றமையையே யான் கூறுவேன்.

அவ்வினாவின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சாலும். எகிப்தின் தென்பாலுள்ள சையீன் என்னும் ஊரில், வேனிலின் நெடும்பகல் நாளன்று உச்சிப்பொழுதில் நட்ட கோலுக்கு நிழல் இல்லை. வடபால் அலெக்சாந்திரியாவில் அதே பொழுதில் நிழல் உண்டு. நிழலைக் கண்டவர் பலர். ஏன் என்று கேட்டவர், அலெக்சாந்திரிய நூலகத்தின் தலைவராயிருந்த எரட்டாஸ்தனீஸ். அந்நிழல் காட்டிய கோணம் முழு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு என அளந்து, இரண்டு ஊர்க்கும் இடைத்தொலைவு 5,000 ஸ்டேடியம் எனக் கொண்டு, நிலவுலகின் சுற்றளவு 250,000 ஸ்டேடியம் என்று கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கணித்தார். கோலும் நிழலும் பெருக்கற் கணக்குமே அவர்க்குக் கருவிகள்.

கிரேக்கர் இவ்வினாவைத் தம்மை நோக்கியும் எழுப்பினர். கி. மு. 480-ல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற பின் எட்டாண்டு கழித்து, ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்’ என்னும் நாடகத்தை ஏதென்ஸ் அரங்கில் ஏற்றினார். அதில் நாம் கேட்பது வெற்றி முரசன்று. தோற்ற மன்னனின் தாயும் அவன் நாட்டு முதியோரும் அரற்றும் அரற்றலே. கி. மு. 416-ல் ஏதென்ஸ் நகரத்தார் மீலோஸ் என்னும் சிறு தீவை முற்றுகையிட்டு, அது பணிந்த பின்னரும் ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் குழவிகளையும் அடிமைகளாக விற்றனர். அக்கொடுமையை இன்று நாம் அறிவது, ஏதென்ஸின் படைத்தலைவராய் முன்பு விளங்கிய தூசிடிடீஸ் அதனை மறையாது எழுதியமையால் அன்றோ! அடுத்து வந்த கி. மு. 415-ல் யூரிப்பிடீஸ், போரில் சிறைப்பட்ட திராய் நகர மகளிரின் துயரை அதே ஏதென்ஸ் மக்கள் முன் நாடகமாக்கினார். தன் நாட்டின் தவற்றைத் தன் நாட்டார் முன்னிலையில் கூறும் துணிவும் அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் ஒன்றாம்.

இதனால் கிரேக்கரை வழிபடுமாறு யான் கூறுகின்றேனல்லேன். மக்களாட்சிக்குத் தாயகம் எனப் புகழப்படும் ஏதென்ஸில் பெண்டிர்க்கும் அடிமைகட்கும் குடியேறிய அயலார்க்கும் வாக்குரிமை இல்லை. அந்நகரின் வெள்ளிக் காசுகள், இலாரியச் சுரங்கங்களின் இருளில் அடிமைகள் உழைத்த உழைப்பின் பயன். பேரறிஞராகிய அரிஸ்டாட்டிலே, மக்களுட் சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்று எழுதினார். வினவுதலையே தொழிலாகக் கொண்ட சாக்ரட்டீசுக்கு, வினாவிற் சிறந்த அந்நகரமே கி. மு. 399-ல் கொலைத்தண்டம் விதித்தது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சாதியை இன்னும் முற்றக் களையாத நாம், இக்குறைகளைக் கண்டு நகைத்தற்கு உரியேமல்லேம். ஆயினும், குறையைக் குறையென்று கூறாமற் போற்றுதல் கல்வியாகாது.

இனி, இச்செல்வம் எங்ஙனம் நிலைத்தது என்பதை நோக்குவோம். உண்மையை உரைக்குமிடத்து, அதிற் பெரும்பகுதி நிலைக்கவேயில்லை. சோபோகிளீஸ் 120-க்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார் என்பர். முழுதாக எஞ்சியவை 7. ஈஸ்கிலஸ் பெயரால் இன்று வழங்குவனவும் 7. சாப்போ என்னும் பெண்பாற் புலவரின் பாடல்கள் பலவாக இருந்தும், முழுமையாக நம் கைக்கு வந்தது ஒன்றே எனலாம். அக்காலத்து நூல்கள் எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள், நம் பனையோலையைப் போன்றது. படியெடுத்தால் நூல் வாழும், படியெடாது விட்டால் மடியும். பகைவர் இட்ட தீயினும் தம்மவரின் மறதியே நூல்களை மிகுதியாக அழித்தது.

மறவாதவர் யாவர்? முதலில் அலெக்சாந்திரியாவைக் காண்க. கிரேக்க மன்னர் எகிப்தை ஆண்ட அந்நகரில், கி. மு. மூன்றாம் நூற்றாண்டில், யூத அறிஞர் தம் திருமறையின் முதல் ஐந்து நூல்களைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தனர். அப்பொழுது நடுநிலக்கடலைச் சூழ்ந்த நாடுகளில் சந்தையிலும் கப்பலிலும் வழங்கியது எளிய பொதுக் கிரேக்கம். புதிய ஏற்பாடு எழுதப்பட்டதும் அம்மொழியிலேதான். நம் ஆண்டவரின் சிலுவைமேல் எழுதிய மேல்விலாசம் எபிரேயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழியிலும் இருந்தது என்று யோவான் கூறுகின்றார். பவுலடிகள் அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில் நின்று பேசியபோது, அந்நாட்டுப் புலவரின் சொல்லையே சான்றாக எடுத்தாண்டார். கிரேக்க நூலைக் கிறிஸ்தவன் தொடலாமோ என்று ஐயுறும் நண்பர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

அடுத்துப் பாக்தாத் நகருக்குச் செல்வோம். அங்கே கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுனைன் இபின் இசாக் என்னும் மருத்துவர் ஒரு கிறிஸ்தவர். அவரைப் போற்றிய அரசர் இசுலாமியர். அவர் மொழிபெயர்த்த காலெனோ கிரேக்கப் புறச்சமயத்தார். காலெனின் மருத்துவ நூல்களைச் சிரிய மொழியிலும் அரபு மொழியிலும் பெயர்க்கப் புகுந்த ஹுனைன், ஒரே படியை நம்பாது, பல படிகளைத் திரட்டி ஒப்புநோக்கித் திருத்தமான பாடம் கண்ட பின்னரே பணியைத் தொடங்குவார். காலெனின் நூல் ஒன்றைத் தேடி மெசபொத்தாமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகிய நாடுகளில் அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றதாகவும், இறுதியில் தமஸ்கு நகரில் அதிற் பாதியளவே கிடைத்ததாகவும் அவரே எழுதியுள்ளார். ஊர் ஊராக ஓலை தேடி, பாடம் ஒப்புநோக்கி, 1887-ல் சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் வெளியிட்ட டாக்டர் சாமிநாதையரைப் போற்றும் நமக்கு, ஹுனைன் அயலாராகத் தோன்றுவரோ? காலென் நூல்களுட் சில கிரேக்கத்தில் மறைந்தொழிந்து, இன்று அரபு மொழிபெயர்ப்பிலேயே எஞ்சியிருக்கின்றன.

காத்த கையே அழித்ததும் உண்டு. அழித்த கையே காத்ததும் உண்டு. ஆர்க்கிமிடீஸ், தாம் உண்மைகளைக் கண்டறிந்த முறையை விளக்கி, மேலே கூறிய எரட்டாஸ்தனீசுக்கு ஒரு நூல் எழுதியனுப்பினார். அதன் படியொன்று தோல் ஏட்டில் இருந்தது. கி. பி. 1229-ல் கிறிஸ்தவ எழுத்தாளர் ஒருவர் அவ்வேட்டின் எழுத்தைச் சுரண்டி, அதன்மேல் மன்றாட்டுக்களை எழுதினார். 1906-ல் ஹைபெர்க் என்னும் டேனிய அறிஞர், மன்றாட்டின் அடியில் மங்கித் தோன்றிய கணித எழுத்தைக் கண்டு படித்தார். பின்னர் அந்நூல் காணாமற் போய், 1998-ல் ஏலத்தில் விற்கப்பட்டு, புதிய ஒளிப்படக் கருவிகளால் மேலும் தெளிவாகப் படிக்கப்பட்டது. ஆர்க்கிமிடீசைச் சுரண்டியவர் நம் சமயத்தார் என்பதை நாம் மறைத்தல் தகாது. ஆனால் மன்றாட்டு நூலாயிருந்தமையாலேயே அத்தோல் ஏடு நெடுங்காலம் பேணப்பட்டது என்பதும் உண்மை.

இவ்வாறு கை மாறி வந்த செல்வமே ஐரோப்பாவையும் அடைந்தது. தாலமியின் வானநூலைக் கிரெமோனா நகரத்து ஜெரார்டு என்பவர் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவில், அரபு மொழியினின்றும் லத்தீனுக்குப் பெயர்த்து 1175-ல் முடித்தார். வெனிஸ் நகரத்து ஆல்டஸ் 1495-ல் தொடங்கி அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்கத்திலேயே அச்சேற்றினார். எராஸ்மஸ் 1516-ல் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். ஆகவே, கிரேக்கச் செல்வம் மேனாட்டாரின் பிறப்புரிமை என்பது பொருந்தாது. அவரும் உழைத்துப் பெற்றவரே. யூதரும் சிரியரும் அரபியரும் அவர்க்கு முன்னரே உழைத்துப் பெற்றவர்.

அங்ஙனமாயின், தமிழர்க்கு அதில் தொடர்பு யாது? யவனர் என்னும் சொல், கிரேக்க இனத்தாருள் ஒரு பிரிவினராகிய அயோனியர் பெயரினின்றும் தோன்றியது. பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட யவனர் கப்பல்களை அகநானூறு அறியும். முசிறித் துறையைக் கிரேக்க மொழியில் எழுந்த ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடற்பயண நூல் கூறுகின்றது. முசிறி வாணிகத்தைப் பற்றிய கடன் உடன்படிக்கை ஒன்று, கி. பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரசில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் உள்ளது. ஆயினும் அக்கப்பல்களில் மிளகும் மதுவும் பொன்னும் ஏறி இறங்கினவேயன்றி, நூல் ஏறி இறங்கியதாகச் சான்று இல்லை. கிரேக்கத்தினின்றும் நேரே தமிழுக்கு வந்த பெருநூல் எனச் சுட்டத்தக்கது, சீகன்பால்கு ஐயர் மூலமொழியினின்றும் பெயர்த்து, 1715-ல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடே. அன்று திறந்த அவ்வாயிலில் அதன்பின் நுழைந்தவர் மிகச் சிலர். நம்மிற் பெரும்பாலோர் பிளேட்டோவையும் சோபோகிளீசையும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிகின்றோம்.

இதனை மாற்றுதல் நம்மால் இயலாத செயலன்று. நம் நாட்டு இறையியற் கல்லூரிகளில் திருமறைக் கிரேக்கம் இன்றும் கற்பிக்கப்படுகின்றது. அதனைக் கற்ற ஆயர் பலர், திருமறைக்கு அப்பால் அம்மொழியைப் பயன்படுத்துவதில்லை. கலைக் கல்லூரிகளில் தமிழ் பயில்வோர் பலர். அவர்க்குக் கிரேக்கம் தெரியாது. இவ்விரு சாராரும் ஓரிடத்தில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு சிறு நூலேனும் மூலத்தினின்றும் தமிழாக்குவாராயின், சில ஆண்டுகளில் ஒரு நூல்வரிசை உண்டாகும். தொடங்குதற்கு எபிக்டீட்டசின் கையேடு ஏற்றது. அஃது அளவிற் சிறியது. அதன் மொழியும் புதிய ஏற்பாட்டின் பொதுக் கிரேக்கத்திற்கு அணித்தானது. அவரோ அடிமையாய் இருந்து விடுதலை பெற்று ஆசிரியரானவர். மனிதருட் சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கூற்றுக்கு, அவர் வாழ்க்கையே கிரேக்க மொழியில் எழுந்த மறுப்பாகும்.

நம் மொழி தொன்மையானது என்று கூறி மகிழ்கின்றோம், மகிழ்தல் தக்கதே. ஆயின் கிரேக்கமும் தொன்மையானதே. அத்தொன்மை சோபோகிளீசின் நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களைக் காக்கவில்லை. எஞ்சிய ஏழையும் காத்தவை, பெயர் தெரியாத எழுத்தாளர்களின் விரல்களே. அவ்விரல்களின் வேலையில் ஒரு பங்கு நமக்கும் உண்டு. அதனைச் செய்வார் எவரோ, அவர்க்கே அச்செல்வம் உரியது.