வண்டி போச்சு... பேரு போச்சா?

நியூஸிலாந்துல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கி, ஊர் சுத்திட்டு, கிளம்பும்போது வித்துடலாம்னு ஐடியாவா பாஸ்? பேப்பரை கவனிங்க!

விற்கிற வண்டியோட 'வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ்' ஒரு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். வேணாம்னா, வாங்குறவர் எழுத்துல சம்மதிக்கணும். அடுத்தது, பி.பி.எஸ்.ஆர். பதிவேடு. வண்டி மேல பழைய ஓனரோட கடன் பாக்கி இருக்கானு அதுல பார்க்கலாம். பார்க்காம வாங்கினா, கடன் கொடுத்தவங்க உங்ககிட்டேருந்தே வண்டியைத் தூக்கிட்டுப் போகலாம்!

காசு கைமாறினதும் வாங்கினவர், வித்தவர் ரெண்டு பேருமே போக்குவரத்துத் துறைக்குத் தகவல் சொல்லணும். ஃபிளைட் பிடிக்கிற அவசரத்துல இதைக் கோட்டை விட்டா, ஓட்டுறது யாரோ, ஃபைன் உங்க பேர்ல! சாவியைக் கொடுக்கும்போதே அந்த வேலையை முடிச்சுடுங்க. அப்புறம் டாட்டா சொல்லலாம்!