பதினாறாவது பாடம் முன்னே வரட்டும்

தமிழ்நாட்டுப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலுக்குப் பதினாறு பாடங்கள். செயற்கூறுகள், சரங்கள், பட்டியல்கள், தரவுத்தளம் என்று பைதான் மொழியைச் சுற்றி எல்லாவற்றையும் கற்றுமுடித்த பிறகு, புத்தகத்தின் கடைசியில் வருகிறது பைப்ளாட் கொண்டு தரவுகளைப் படமாக வரையும் பாடம். பொதுத்தேர்வு நெருங்கி, திருப்புதல் தேர்வுகள் நடக்கும் வேளையில் கடைசிப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தப் பாடம் பைதான் வகுப்பின் தொடக்கத்துக்கே வர வேண்டும்.

ஏன் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சிறு அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினோரு சோடி எண்கள். எக்ஸ் மதிப்புகளின் சராசரி நான்கிலும் 9. ஒய் மதிப்புகளின் சராசரி நான்கிலும் 7.5; ஒட்டுறவுக் கெழு நான்கிலும் 0.816 அளவில். கணக்கை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடுவார். வரைந்து பார்த்தால்தான் தெரியும். முதலாவதில் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவது, வில்போல் வளைகிறது. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் மேலே தனித்துக் கிடக்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகளுக்கும் எக்ஸ் மதிப்பு 8. தூரத்தில் 19-இல் நிற்கும் ஒரேயொரு புள்ளி மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிட்டது.

இதற்கு ஆன்ஸ்கோம்ப் வரை போகவும் வேண்டாம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்குச் சுமார் 117 மி.மீ. ஆண்டின் முதல் மாதங்கள் காய்ந்து கிடப்பதையும், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிக் கொட்டித் தீர்ப்பதையும் அந்த 117 சொல்லாது. பன்னிரண்டு பட்டைகள் ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

பைதானில் இந்த வேலைக்குப் பெயர்பெற்ற நூலகம் மேட்பிளாட்லிப்; பாடநூல் சொல்லும் பைப்ளாட் அதன் ஒரு பகுதி. அந்த நூலகத்தை எழுதியவர் ஜான் ஹன்டர், அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைக் கண்ணால் பார்த்து ஆராய அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. விலைக்கு வாங்க வேண்டிய மேட்லேப் மென்பொருளின் கட்டளைகளை ஒட்டித் தானே ஒன்றை எழுதி, 2003-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். 2012-இல், 44 வயதில், அவர் காலமானார். 2019-இல் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்துக்கான பணியிலும் அந்த நூலகத்துக்குப் பங்கு உண்டு. அதே கருவி ஒசூரிலோ ஒரத்தநாட்டிலோ படிக்கும் மாணவிக்கும் ஒரு பைசா செலவின்றிக் கிடைக்கிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும்.

பயன்படுத்துவதும் கடினமல்ல. நூலகத்தை அழைக்க ஒரு வரி. கிடை அச்சுக்கு ஒரு பட்டியல், செங்குத்து அச்சுக்கு ஒரு பட்டியல். ‘பிளாட்’ என்றால் கோடு, ‘பார்’ என்றால் பட்டை, ‘ஸ்கேட்டர்’ என்றால் புள்ளிகள், கடைசியில் ‘ஷோ’. கணினியில் எதையும் நிறுவ முடியாத இடத்தில் கூகுள் கோலாப் தளத்தைத் திறந்தால் உலாவியிலேயே வரையலாம். பட்டியல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கற்ற மாணவர், அன்றைக்கே தன் ஊரின் மழையை வரைந்து பார்க்கலாம்.

பாடநூல் தன் தலைப்பில் கோட்டு, வட்ட, பட்டை வரைபடங்களை மட்டும் சொல்கிறது. ஒன்று மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று கேட்க உதவுவது சிதறல் வரைபடம். தலைப்புக்கு வர வேண்டியது அதுதான். அதற்கு ஒரு விபத்தே சான்று. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது என்று முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அவர்களுடைய சொல் எடுபடவில்லை. பின்னர் ரோஜர்ஸ் விசாரணை ஆணையம் முந்தைய பயணங்களை இரண்டு விதமாக வரைந்து காட்டியது. வளையம் சேதமடைந்த பயணங்களை மட்டும் புள்ளியிட்டால் குளிருக்கும் சேதத்துக்கும் உள்ள உறவு தெளிவாகத் தெரியவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்தால் படம் மாறிவிடுகிறது: 66 டிகிரி பாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம்; 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்தவை நான்கு பயணங்கள், நான்கிலும் சேதம். எதை வரைவது, எதை விடுவது என்ற முடிவை எந்த நூலகமும் எடுத்துத் தராது. வகுப்பில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

அச்சுகளும் அப்படியே. மேட்பிளாட்லிப் பட்டைகளைப் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. கோடு வரையும்போது தரவு இருக்கும் எல்லைக்குள் அச்சைச் சுருக்கிக்கொள்கிறது. தேர்ச்சி விழுக்காடு 90-இலிருந்து 92-க்குப் போனால் பட்டைகள் ஏறக்குறைய சமமாக நிற்கும். கோடு செங்குத்தாக ஏறும். இரண்டையும் தன் கையால் வரைந்த பிள்ளை, நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வரும் வரைபடங்களில் முதலில் அச்சைப் பார்க்கும்.

தமிழில் தலைப்பிட விரும்புவோருக்கு ஒரு தொல்லை காத்திருக்கிறது. நூலகத்தின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. வெற்றுக் கட்டங்கள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தாலும், எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி நீண்ட காலமாக அதில் இல்லாததால், ‘சென்னை’ என்பதில் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பல மாணவர்கள் இங்கேயே சலித்து ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். போக வேண்டியதில்லை. பிளாட்லி போன்ற நூலகங்களில் எழுத்தை உலாவியே அமைத்துக் காட்டுவதால் தமிழ் ஒழுங்காக வரும். இதைப் பாடநூலில் ஒரு பத்தியாகவாவது எழுத வேண்டும். மாவட்டத்தின் மழைப் படத்தை ஊர்க்காரர்கள் படிக்க வேண்டுமென்றால் அது தமிழில்தான் இருக்க வேண்டும்.

தேர்வும் மாற வேண்டும். இருபரிமாண வரைகலைக்கான பைதான் தொகுப்பு எது என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பதில் பயன் குறைவு. செய்முறைத் தேர்வில் மாணவரின் சொந்த மாவட்டத்துப் பத்தாண்டு மழை அளவைக் கொடுக்கலாம். அதை இரண்டு விதமாக வரையச் சொல்லி, ஒரு படத்தில் தெரிவது மற்றதில் ஏன் தெரியவில்லை என்று நான்கைந்து வரிகளில் எழுதச் சொல்லலாம். மதிப்பெண்ணில் பாதி அந்த வரிகளுக்குப் போகட்டும்.