மன்னிக்கச் சொல்றதுக்கு முன்னாடி விளக்கைக் கையில கொடுப்போம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன ஆடி அமாவாசை அன்னிக்கு எங்க ரவாங் கோயில்ல நடந்த ஒரு விஷயம் இன்னும் மனசுல முள்ளா குத்துது. தொண்டர்கள் நாங்க வரிசையில நின்னவங்களுக்கு மோட்ச தீபத் தட்டு கொடுத்துக்கிட்டு இருந்தோம். வருஷா வருஷம் வர்ற ஒரு பாட்டியும் நின்னாங்க. வயசு எண்பத்தஞ்சைத் தாண்டிடுச்சு. அவங்க அப்பா சயாம் மரண ரயில் வேலைக்குத் தோட்டத்துல இருந்து போனவர், திரும்பவே இல்லை. இறந்த தேதியும் தெரியாது, திதியும் தெரியாது. அதனாலதான் அமாவாசை விளக்கு.

எங்கள்ல ஒருத்தர், நல்ல எண்ணத்தோடதான், "எவ்வளவு வருஷம் ஆச்சு பாட்டி, சப்பான்காரனை மன்னிச்சிடுங்க, மனசு லேசாயிடும்"னு சொல்லிட்டாரு. பாட்டி தட்டைக் கீழே வச்சிட்டாங்க. "யாருப்பா எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டா?" எங்க யாருக்கும் பதில் வரல.

இளம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1942 செப்டம்பர்ல இருந்து 1943 அக்டோபர் வரைக்கும், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் போட்டது. மலாயா தோட்டங்கள்ல இருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனாங்க. சம்பளம் உண்டுன்னு ஆசை காட்டியும் கூட்டிட்டுப் போனாங்க. இலவசப் படம் காட்டறோம்னு வரவழைச்சு, கதவை அடைச்சு ஏத்திக்கிட்டுப் போன கதையும் உண்டு. காலரா, மலேரியா, பசி, அடி. அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல. காஞ்சனபுரியில அவங்களுக்கு வரிசை வரிசையா பெயர் பொறிச்ச கல்லறைகள் இருக்கு. ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம்னு மதிப்பிடறாங்க. ஆனா பெயர்ப் பட்டியல் கிடையாது. நம்ம ஆட்களுக்குன்னு அங்கே ஒரு நடுகல் எழும்பியது 2023லதான்.

மன்னிப்புன்னா நாம மெய்ப்பொருள் நாயனாரைச் சொல்வோம். அடியார் வேஷத்துல வந்து குத்தின முத்தநாதனைத் தத்தன் வெட்டப் போனப்போ, மன்னர் தடுத்து, அவனை ஊர் எல்லை வரைக்கும் பத்திரமா கொண்டு விடச் சொன்னார். பெரிய விஷயம்தான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. மன்னிச்சது குத்துப்பட்டவரே. பக்கத்துல நின்ன யாரும் "மன்னிச்சிடுங்க மகாராஜா"ன்னு அவருக்கு யோசனை சொல்லல.

அதே ரயில் பாதையில இன்னொரு உண்மைச் சம்பவம். எரிக் லோமாக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. ரகசிய வானொலி வச்சிருந்ததுக்காகக் காஞ்சனபுரியில சித்திரவதை பட்டவர். விசாரணையில மொழிபெயர்த்தவர் நாகாசே தகாஷி. லோமாக்ஸ் ஐம்பது வருஷம் அந்த முகத்தை வெறுத்தார். நாகாசேயோ போர் முடிஞ்சதும் கல்லறைகளைத் தேடும் வேலைக்கு உதவினார், திரும்பத் திரும்பத் தாய்லாந்து போனார், பிராயச்சித்தமா அங்கே ஒரு புத்தர் கோயிலும் அமைச்சார். 1993ல ரெண்டு பேரும் அதே காஞ்சனபுரியில சந்திச்சாங்க. நாகாசே கண்ணீரோட மன்னிப்புக் கேட்டார். அப்புறம்தான் லோமாக்ஸ் மன்னிச்சார்.

நம்ம பாட்டிக்கு அப்படி யாரும் வரல. அப்பாவோட சாம்பலும் வரல. செத்தவர் சார்பா மன்னிக்க அவங்களுக்கே உரிமை இருக்கான்னு தெரியாதப்போ, நாம எப்படி அவசரப்படுத்தலாம்?

ஆனா பாட்டி கதை அதோட முடியல. அன்னிக்குச் சாயந்திரம் அவங்க பக்கத்துல உட்கார்ந்து பேசினோம். புருஷன் திரும்பலன்னு ஆனதும் அவங்க அம்மா சாமி படத்தைச் சுவர்ல இருந்து கழட்டி வச்சிட்டாங்களாம். பல வருஷம் கோயில் வாசலை மிதிக்கலையாம். அதே தோட்டத்துல இன்னொரு பொம்பளை, அவங்க புருஷனும் போனவர்தான், ஒரு திருவிழா அன்னிக்கு வந்து, "சாமிகிட்ட சண்டை போடணும்னாலும் கோயிலுக்குத்தானே போகணும், வா"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களாம். ரெண்டு பேரும் மாரியம்மன் முன்னாடி வாய் விட்டு அழுதாங்களாம். நம்பிக்கை அந்த அழுகையிலதான் திரும்பி வந்திருக்கு.

கடைசியா பாட்டியே சொன்னாங்க: "செஞ்சவனை மன்னிச்சேனான்னு தெரியலப்பா. ஆனா என் பேத்தி ஜப்பான்காரன் கம்பெனியில வேலை செய்யறா. நான் ஒண்ணும் சொல்லல. வெறுப்பை அவ தலையில ஏத்தல."

எங்களுக்கு அதுவே பெரிய மன்னிப்பாத் தெரியுது.

இது பழைய கதைக்கு மட்டும் இல்லை. சாலை விபத்துல பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கும் நாம போறோம். மூணாம் நாளே "எல்லாம் விதி, மோதினவனை மன்னிச்சிடுங்க"ன்னு சொல்றோம். வேண்டாம் உறவுகளே. சாப்பாடு கொண்டு போங்க, நாற்காலி அடுக்குங்க, காரியத்துக்குக் கூட நில்லுங்க. மன்னிப்பு வர வேண்டிய நேரத்துல வரும். வராமலும் போகலாம். அதுக்காக அவங்க பக்தியைக் குறைச்சு எடை போடாதீங்க.

ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல சயாமுக்குப் போய்த் திரும்பாதவங்க இருந்தா, பெயரையும் தோட்டத்தையும் எங்ககிட்ட சொல்லுங்க. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கோம். முதல் பக்கத்துல பாட்டியோட அப்பா பெயர் ஏறிடுச்சு. வர்ற ஆடி அமாவாசைக்கு ஒவ்வொரு பெயரையும் சத்தமா வாசிச்சு விளக்கு ஏத்துவோம். பெயர் தெரியலன்னா "தாத்தா"ன்னு சொன்னாலும் போதும், எழுதிக்கறோம்.

சிவாயநம.