ஊரறிவும் ஊராட்சியும்

நுழையும்முன்
ஓர் ஊருக்கு எது தேவை, அதை எவ்வாறு செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? வல்லுநரா, அதிகாரியா, ஊராரா? புதுக்கோட்டை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

கண்மாய் கற்றுத்தரும் பாடம்
புதுக்கோட்டை, வற்றாத ஆறு இல்லாத மாவட்டம். வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்காலத்தில் மட்டுமே நீரோடும் ஆறுகள். ஆகவே நம் முன்னோர் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டி, ஒரு கண்மாயின் மிகைநீர் கலிங்கின் வழியே அடுத்த கண்மாயைச் சேருமாறு அமைத்தனர். எந்த வரத்துவாய்க்கால் முதலில் தூர்ந்துபோகும், எந்தக் கரை பெருமழையில் கசியும் என்பதை ஊர்ப் பெரியவர்களும் நீர்ப்பாய்ச்சிகளும் அறிவர். இவ்வறிவு வரைபடத்தில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது.

இதனைக் கேளாமல் தீட்டப்படும் திட்டம் எவ்வாறு பிழைபடும் என்பதற்கு ஓர் எளிய சான்று போதும். மடையின் அடிமட்டத்திற்குக் கீழே கண்மாயை ஆழப்படுத்தினால், அங்குத் தேங்கும் நீர் மடைவழியே வயலுக்குப் பாயாது. வரத்துவாய்க்காலைச் சீர்செய்யாமல் கண்மாயை மட்டும் தூர்வாரினால், வெட்டிய பள்ளம் வெறும் பள்ளமாகவே கிடக்கும். செலவுக்கணக்கு சரியாக இருக்கும், பாசனம் இராது.

ஊரார் கூடி நீர்நிலையைப் பேணுவது நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராந்தகசோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காக்கவென்றே ஏரிவாரியம் இருந்ததைக் கூறுகின்றன. எனினும் அவ்வாரியத்தில் இடம்பெற நிலமும் வீடும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்தன என்பதையும் அதே கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஊரின் குரல் எனப்பட்டது ஊரார் அனைவரின் குரலாக இருக்கவில்லை. இக்குறையை எவ்வாறு களைவது?

அறிவொளி காட்டிய வழி
இவ்வினாவுக்குப் புதுக்கோட்டை ஒரு விடையை அளித்தது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990ஆம் ஆண்டு முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத் தமிழகத்தில் எழுந்த அறிவொளி இயக்கம், 1991இல் புதுக்கோட்டையில் பேரியக்கமாக வளர்ந்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். ஆயினும் வகுப்புகளை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்களைச் சேர்ந்த ஊதியம் பெறாத தொண்டர்களே. கற்க வந்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். வயலிலும் கல்குவாரியிலும் உழைத்தவர்கள்.

ஊர்விட்டு ஊர் சென்று கற்பிக்கப் பெண் தொண்டர்களுக்கு ஊர்தி தேவைப்பட்டது. மிதிவண்டி ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியாயிற்று. மிதிவண்டி வாங்க வங்கிக்கடன் கிடைக்க வழி செய்யப்பட்டது. பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாதபோது, ஆண்களுக்கான வண்டிகளையே அவர்கள் ஓட்டினர். இருக்கைக்கு முன்னுள்ள கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ள அது வசதியாயிற்று. இலட்சம் பெண்கள் அளவில் மிதிவண்டி ஓட்டக் கற்றதை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பேருந்துக்காகவும் பிறர் துணைக்காகவும் காத்திருந்த பெண், தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் நிலை உருவானது.

மற்றொரு மாற்றம் கல்குவாரிகளில் நிகழ்ந்தது. அதுவரை ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள், குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்குப் பெற்றனர். எழுத்தும் எண்ணும் அறிந்ததால் வரவு செலவைத் தாங்களே சரிபார்த்தனர். ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கணக்கைப் படிக்கத் தெரிந்தவரை ஏய்ப்பது கடினம்.

கேட்பதும் கொடுப்பதும்
இந்நிகழ்வுகளிலிருந்து நாம் அறிவது யாது? மக்களிடம் கருத்துக் கேட்பது நல்லாட்சியின் தொடக்கம் மட்டுமே. கருத்துக் கூறும் ஆற்றலை அவர்களிடம் வளர்க்க வேண்டும். முடிவெடுக்கும் உரிமையையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு நல்ல அதிகாரியின் விருப்பத்தால் மட்டும் கிடைத்த உரிமை, அவர் இடமாறியதும் தளர்ந்துவிடக் கூடும். சட்டத்தில் வேரூன்றிய உரிமையே நிலைக்கும்.

அத்தகைய உரிமை இன்று நம்மிடம் இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புச் சட்டத்திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு இடமளித்துள்ளன. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அங்கு ஊராட்சியின் வரவு செலவு படிக்கப்படும். வினவலாம், மறுக்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் சிலர் மட்டும் பேச மற்றவர் கையொப்பமிட்டுக் கலையும் சபை, பழைய வாரியத்தின் குறையையே தொடரும்.

வல்லுநர் வேண்டாவா என்று சிலர் வினவக்கூடும். கட்டாயம் வேண்டும். மண்ணை ஆய்வதற்கும் நீர்மட்டத்தை அளப்பதற்கும் கரையின் வலிமையைக் கணிப்பதற்கும் அறிவியல் துணை இன்றியமையாதது. நோயாளி கூறுவதைக் கேட்ட பின்னரே மருத்துவர் மருந்து எழுதுகிறார். வல்லுநரும் அவ்வாறே ஊராரின் சொல்லைக் கேட்டுத் தம் அறிவை அதனோடு சேர்க்க வேண்டும். திட்டத்தை வகுத்தவர் சென்றுவிடுவார். அதன் நன்மை தீமைகளோடு வாழப்போகிறவர் ஊரார். ஆகவே இறுதிச் சொல் அவர்களுடையதாக இருப்பதே அறம்.

மாணவர்களே! நீங்கள் வாக்காளராகும் நாள் தொலைவில் இல்லை. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது, ஊராட்சியின் நிதி எதற்குச் செலவாகிறது, கிராம சபையில் இதுவரை பேசாதவர் யார் என்பவற்றை இப்பொழுதே கேட்டறியுங்கள். முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே நம் மாவட்டத்தில் கல் உடைத்த கைகள் எழுதுகோல் பிடித்துக் கணக்குக் கேட்டன. கல்வி கைவரப்பெற்ற நாம் கேளாமல் இருத்தல் தகுமா?