நாயையும் பூனையையும் விட்டுருங்கப்பா!

மக்களே, அப்ஸ்ட்ராக்ட் க்ளாஸ்னா என்னன்னு எந்த இஞ்சினியரிங் பசங்களைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதுக்கு ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது." சரி, அப்புறம் எதுக்குய்யா அதை எழுதணும்னு கேட்டா முழிக்கிறாங்க.

தப்பு அவங்க மேல இல்ல. விலங்குன்னு ஒரு க்ளாஸ், அதுல சத்தம்னு ஒரு மெத்தட். நாய் குரைக்கும், பூனை மியாவ்ங்கும். முடிஞ்சது பாடம்! நாய் குரைக்கிறதைக் கேக்கணும்னா எங்க மாடம்பாக்கத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல நடந்து பாருங்க. ஜாவா எதுக்கு?

இந்த உதாரணத்துல மேல இருக்கிற க்ளாஸ் ஒரு துரும்பைக் கூட கிள்ளிப் போடல. அதுதான் கோளாறே.

ஜாவாவோட வர்ற இன்புட்ஸ்ட்ரீமைப் பாருங்க. அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் ஒண்ணே ஒண்ணு, ஒரு பைட் படிக்கிற ரீட். அரே நிறைய படிக்கிற இன்னொரு ரீட், இந்த ஒத்தை ரீடையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு வேலையை முடிச்சுக்கும். அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்ல கெட், சைஸ் ரெண்டையும் நாம எழுதினா படிக்க மட்டுமான ஒரு லிஸ்ட் ரெடி. தேடுறது, சுத்தி வர்றது எல்லாம் ஓசி!

ஆக, இது முக்கால்வாசி அச்சடிச்ச விண்ணப்பப் படிவம். காலி இடத்தை நிரப்பாம நீட்டினா திருப்பி அனுப்புற கவுண்டர் ஆள்தான் கம்பைலர். ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாதுங்கிறது விளைவு, நோக்கம் இல்ல.

"அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் இருந்தாதான் அப்ஸ்ட்ராக்ட் க்ளாஸ்"ங்கிறதும் ஜல்லிதான். ஹெச்டிடிபிசர்வ்லெட் அப்ஸ்ட்ராக்ட் க்ளாஸ். அதுல அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் ஒண்ணு கூட கிடையாது.

"2014-ல ஜாவா 8 வந்து இன்டர்ஃபேஸுக்கே டிஃபால்ட் மெத்தட் கொடுத்தாச்சே, இனி இது எதுக்கு?"ன்னு சிலர் கெளம்புவாங்க. அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்ல மாட்கவுன்ட்னு ஒரு எண் இருக்கு. சுத்தி வரும்போதே லிஸ்ட் மாறிடுச்சான்னு கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். ஆப்ஜெக்ட்டுக்கு ஆப்ஜெக்ட் மாறுற இந்த மாதிரி நிலையை இன்டர்ஃபேஸால வச்சுக்க முடியாது சாமி.

இது வெறும் இன்டர்வியூ கேள்வி பத்தின புலம்பல் இல்ல. பொது வேலையை மேல வைக்கணும்னு புரியாதவன், ஒரே கோடை நாலு க்ளாஸ்ல காப்பி அடிப்பான். பக் வந்தா மூணுல திருத்துவான். நாலாவது நம்ம தலையில விடியும்.

ஆகவே வாத்தியாருங்களே, அடுத்த செமஸ்டர்லயாவது இன்புட்ஸ்ட்ரீமைத் திறந்து காட்டுங்க.

டிஸ்கி: நாய், பூனை மேல எனக்கு எந்த விரோதமும் இல்லீங்கோ :-)