ஃபுட்பால் ஆட வெளிநாடு போகணுமா? போன பெண்கள் எப்படிப் போனாங்க?

காஞ்சிபுரம் பக்கத்துல முசரவாக்கத்துல ஒரு பொண்ணு நல்லா ஃபுட்பால் ஆடுறாங்கன்னு வெச்சுக்குவோம். பிளஸ் டூ முடிக்கப் போறாங்க. வீட்டில் வரும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "இதை வெச்சு என்ன பண்ணப்போற?"

இந்தக் கேள்விக்கு 10 வருஷத்துக்கு முன்னால் பதிலே கிடையாது. இப்போது இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் அவ்வளவு எளிதானதும் இல்லை.

இதுவரை யார் போயிருக்கிறார்கள்?

2015-ல் டெல்லியைச் சேர்ந்த கோல்கீப்பர் அதிதி சௌஹான், இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்கு ஆடினார். அவர் அங்கே போனது படிப்பதற்காக. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படித்துக்கொண்டே கிளப்பில் சேர்ந்தார்.

2020 ஜனவரியில் மணிப்பூரின் பாலா தேவியை ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் 18 மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. வெளிநாட்டுக் கிளப்புடன் தொழில்முறை ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். ரேஞ்சர்ஸுக்கும் பெங்களூரு எஃப்சிக்கும் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கூட்டு ஏற்பட்டிருந்தது. அந்த வழியில் டிரயலுக்குப் போய்த் தேர்வானார். அதே டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக முதல் கோல் அடித்தார்.

மூன்றாவது, பஞ்சாபின் மனிஷா கல்யாண். 2022-ல் சைப்ரஸின் அப்போலோன் கிளப்பில் சேர்ந்து, அந்த ஆகஸ்ட் 18-ம் தேதி பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பிறகு கிரீஸின் பாவோக், 2025-ல் பெருவின் அலியான்சா லிமா.

ஒருவருக்குப் படிப்பு, இன்னொருவருக்குக் கிளப்புகளின் கூட்டு. மனிஷா கோகுலம் கேரளாவில் லீக் கோப்பை வென்றவர். 2021-ல் பிரேசிலுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர். வெளிநாட்டுக் கிளப்புகளின் கண்ணில் படும் மேடை அவருக்குக் கிடைத்தது. மூவருக்குமே திறமையோடு கூட ஒரு பாலம் இருந்தது.

அந்த ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்ததே?

ஆமா. மனிஷா களமிறங்குவதற்குச் சில நாள் முன்புதான், வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஆசியக் கிளப் போட்டிக்காக கோகுலம் கேரளா பெண்கள் அணி அப்போது தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று. தடை 26-ம் தேதிதான் நீங்கியது.

அதே வாரத்தில், அதே கிளப்பிலிருந்து வெளியே போன மனிஷா மட்டும் ஐரோப்பாவில் ஆடினார். அவர் சைப்ரஸ் கிளப்பின் வீராங்கனை என்பதால் தடை அவரைத் தொடவில்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வாரம் போதும்.

தமிழ்நாட்டில் திறமைக்குப் பஞ்சமா?

இல்லவே இல்லை. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு பெண்கள் முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாவது முறை. 2019-ல் மதுரையின் சேது எஃப்சி இந்தியன் விமன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. சேதுவுக்கு ஆடிய நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, பின்னாளில் இஸ்ரேல் போய், 2024-ல் பிரான்ஸின் கேங்கோம் கிளப் வரை எட்டினார். அதாவது மதுரையில் ஆடியவர் பிரான்ஸ் போக முடியும் என்பது நிரூபணமான விஷயம்.

அப்புறம் எங்கே சிக்கல்?

முதல் சிக்கல், ஆட்டங்களின் எண்ணிக்கை. 2024-25 இந்தியன் விமன்ஸ் லீகில் 8 அணிகள். ஓர் அணிக்கு 14 ஆட்டம். இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீகில் அந்த சீசனில் 22. ஆடினால்தானே வீடியோ இருக்கும், வீடியோ இருந்தால்தானே வெளிநாட்டு கிளப் பார்க்கும்?

இரண்டாவது, சம்பளம். லீக் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு ரூ.3.2 லட்சமாவது தரவேண்டும் என்று சம்மேளனம் 2023-24 சீசனிலிருந்து விதி கொண்டுவந்தது. மாதக் கணக்கில் சுமார் ரூ.26,600. தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. ஒருவரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே ரூ.36,900. அதுவும் 35 வயதில் முடிந்துபோகாத வேலை.

அதனால்தான் நம்ம வீராங்கனைகள் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைத் தேடுகிறார்கள். கடலூரைச் சேர்ந்த இந்திய அணி வீராங்கனை இந்துமதி கதிரேசன் ஒரு எஸ்.ஐ.; கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றவர். ரேஞ்சர்ஸ் அழைத்தபோது பாலா தேவியும் மணிப்பூர் காவல்துறையில் இருந்தவர்தான். அரசு வேலை ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் வெளிநாடு போக வேண்டும் என்றால் அனுமதி, நீண்ட விடுப்பு என அதுவே ஒரு கதவாகவும் நிற்கிறது.

மூன்றாவது, பலருக்கும் தெரியாதது. ஆண்கள் கால்பந்தில் இளம் வீரர் வெளிநாடு போனால், சின்ன வயதில் பயிற்சி கொடுத்த கிளப்புக்கு இழப்பீடு போகும். ஃபிஃபா விதிப்படி பெண்கள் கால்பந்துக்கு அந்த இழப்பீடு கிடையாது. முசரவாக்கத்துப் பொண்ணை வளர்த்துவிடும் சின்ன கிளப்புக்குக் கைக்கு எதுவும் வராது. பிறகு யார் முதலீடு செய்வார்கள்?

அங்கே போனால் லைஃப் செட்டிலா?

அப்படிச் சொல்ல முடியாது. பாலா தேவி ஒப்பந்தம் போடும்போது 30 வயதை நெருங்கிவிட்டார். சேர்ந்த சில வாரங்களிலேயே கொரோனாவால் லீக் நின்றது. பிறகு முழங்கால் காயம். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு சீசனுக்குத்தான். ஒரு நல்ல மாற்றம்: 2021 முதல் வீராங்கனைகளுக்குக் குறைந்தது 14 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை ஃபிஃபா கட்டாயமாக்கியுள்ளது.

சரி, வீட்டுக்கு என்ன சொல்வது?

18 வயதுக்கு முன் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா அனுமதிப்பதில்லை. "இப்பவே ஐரோப்பாவுக்கு அனுப்பறோம், பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். மாநில அணி, விமன்ஸ் லீக், இந்திய அணி என்பதுதான் இப்போதைக்கு நடக்கிற பாதை. படிப்பையும் விட வேண்டாம். அதிதிக்குக் கதவைத் திறந்ததே படிப்புதான்.

"என்ன பண்ணப்போற?" என்ற கேள்விக்கு அந்தப் பொண்ணு தன் பங்குக்குப் பதில் சொல்லிவிடுவார். சீசனை நீட்டுவது, சம்பளத்தை உயர்த்துவது, வேலையில் இருக்கும் வீராங்கனை வெளிநாடு போய்வர விடுப்பு கொடுப்பது ஆகிய மூன்றும் அவர் கையில் இல்லை. அந்தக் கேள்வியை சம்மேளனத்திடமும் அரசிடமும்தான் கேட்கணும்.