ஒரு பொய் போதும்

அறிவியல் புனைகதைப் படங்கள் என்றாலே, "காதில் பூ சுற்றுகிறார்கள்" என்று சிரிக்கும் நண்பர்கள் நம்மிடையே ஏராளம். விண்கலமாம், காலப் பயணமாம், வேற்றுக் கிரகவாசிகளாம்! இதையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறோம், நண்பர்களே! அத்தகைய படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் நெடுநாள் இரசிகன் என்ற முறையில் என் கருத்தை இங்கே முன்வைக்கிறேன்.

இவை பொய்தான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால், நல்ல அறிவியல் புனைவு ஒரே ஒரு பொய்யைத்தான் சொல்லும். 'இப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று நம்மிடம் கடன் கேட்கும். நாம் கொடுத்த பிறகு, கதை முடியும்வரை அந்தப் பொய்யின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கும். மோசமான படமோ, சிக்கல் வரும்போதெல்லாம் புதிதாக ஒரு பொய்யைக் கடன் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் ஒரு படத்தை அளக்கும் அளவுகோல் இதுதான்.

2015இல் வெளிவந்த 'தி மார்ஷியன்' படத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வாயில் வீசும் பெரும்புயலால் மார்க் வாட்னி என்ற விண்வெளி வீரர் அங்கே தனியே விடப்படுகிறார். உண்மையில் செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் ஒரு விண்கலத்தைச் சாய்க்க முடியாது. மூல நாவலை எழுதிய ஆண்டி வியருக்கும் இது தெரியும். கதை தொடங்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அப்படி எழுதியதாக அவரே கூறியிருக்கிறார். பொய் அத்தோடு முடிகிறது. அதன்பின் எத்தனை உருளைக்கிழங்கு, எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் என்று எல்லாமே கணக்குத்தான். உந்து எரிபொருளிலிருந்து தண்ணீர் தயாரிக்கப் போய் அவர் வெடியில் தூக்கி எறியப்படும்போது நாம் பதறுகிறோம். யாரும் வந்து மந்திரம் போட்டு அவரைக் காப்பாற்றப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும் அல்லவா?

இதற்குப் பெரும்பணம் வேண்டும் என்பதில்லை. ஷேன் கர்ரூத் எழுதி, இயக்கி, நடித்த 'பிரைமர்' சுமார் 7,000 அமெரிக்க டாலரில் எடுக்கப்பட்டு, 2004இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் உயரிய பரிசைப் பெற்றது. அதில் வரும் காலப் பொறி வெறும் ஒரு பெட்டி. ஆறு மணி நேரம் பின்னோக்கிப் போக வேண்டுமானால், பெட்டிக்குள் ஆறு மணி நேரம் அடைந்து கிடக்க வேண்டும். பொறியை முடுக்கிய நேரத்துக்கு முன்னால் போகவே முடியாது. இந்த விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இரு நண்பர்களின் நட்பு எப்படிச் சிதைகிறது என்று காட்டிவிடுகிறார்கள்.

விதி என்றதும் வறட்டு அறிவியல் என்று எண்ணிவிடக் கூடாது. நம்மை அழவைக்கும் காட்சிகளே விதியிலிருந்துதான் பிறக்கின்றன. 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தில் கருந்துளைக்கு அருகில் உள்ள ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் கழிந்துவிடும். 2017இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கிப் தோர்ன்தான் இப்படத்தின் அறிவியல் ஆலோசகர். அங்கே சில மணி நேரம் சிக்கித் திரும்பும் தந்தை, இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்துகிடக்கும் பிள்ளைகளின் காணொளிச் செய்திகளைப் பார்க்கிறார். கண்முன்னே பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். காலத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஆனால், அதே படம் கடைசியில் கருந்துளைக்குள் மகளின் புத்தக அலமாரியைக் கொண்டுவந்து வைக்கும்போது என் மனம் ஒட்டவில்லை. அது இரண்டாவது கடன்.

தொலைக்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, 2004 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'. மனிதன் படைத்த இயந்திரங்கள் மனித குலத்தையே அழிக்க, எஞ்சிய ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் விண்கலங்களில் ஓடுகிறார்கள். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை பல பகுதிகளின் தொடக்கத்தில் திரையில் வரும். '33' என்ற பகுதியில், எதிரி முப்பத்து மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை தாக்க, ஐந்து நாள்களாக யாருக்கும் உறக்கமில்லை. அதன் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. அதிபர் எழுந்து சென்று வெண்பலகையில் உள்ள எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறார். எண்ணிக்கையில் அதுவரை ஏமாற்றாமல் இருந்ததால்தான் அந்த 'ஒன்று' நம்மை உலுக்குகிறது.

இனி மறுபக்கம். 1982இல் வந்த இரண்டாவது 'ஸ்டார் டிரெக்' படத்தில் ஸ்பாக் கதிர்வீச்சில் இறக்கிறார். அவரை மீட்க 1984இல் ஒரு முழுப்படம் தேவைப்பட்டது. கேப்டன் கிர்க்கின் மகனும் எண்டர்பிரைஸ் கலமும் அதற்கு விலையாயின. 2013இல் வந்த 'ஸ்டார் டிரெக் இன்டூ டார்க்னஸ்' அதே காட்சியைத் திருப்பிப் போட்டு, கிர்க்கைச் சாகடிக்கிறது. சற்று நேரத்திலேயே கான் என்பவனின் இரத்தத்தைச் செலுத்தி அவரை எழுப்பிவிடுகிறார்கள். அதே படத்தில் கான் ஒரு சிறு கருவியைக் கொண்டு பூமியிலிருந்து வேறொரு கிரகத்துக்கு நொடியில் போய்விடுகிறான். அப்படியானால் விண்கலம் எதற்கு? அந்த இரத்தம் இருக்கும்போது மரணத்துக்கு யார் அஞ்சுவார்கள்? இனி வரும் எந்தத் தியாகத்துக்கும் எடையில்லாமல் போய்விடுகிறதே!

"பொழுதுபோக்குக்குத்தானே பார்க்கிறோம்? மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். காற்பந்தும் பொழுதுபோக்குத்தான். 89ஆவது நிமிடத்தில் ஓர் அணிக்காகக் கோல் கம்பத்தை நகர்த்தி வைத்தால் யார் கைதட்டுவார்கள்? 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்கிறதே என்று நான் குறைகூறுவதில்லை. அது தன்னை ஒரு மாயக் கதையாகவே நடத்திக்கொள்கிறது. நான் கேட்பது அறிவியல் துல்லியத்தை அன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் நேர்மையை.

இந்த நேர்மை நம் இலக்கிய மரபுக்குப் புதிதன்று. கம்பராமாயணத்தின் இரணியன் வதைப் படலத்தை நினைத்துப் பாருங்கள். வரம் கொடுத்தாகிவிட்டது. இறைவனே நினைத்தாலும் அதை மீறிக் கதை நகரவில்லை. மனிதனுமல்லாத, விலங்குமல்லாத உருவம்; பகலுமல்லாத, இரவுமல்லாத அந்திப் பொழுது. வரத்தின் ஒவ்வொரு சொல்லையும் மதித்து, அதிலுள்ள இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே இரணியன் வீழ்கிறான்.

நம்மில் சிறுகதை எழுதுவோர் பலர் உள்ளனர். அவர்களுள் சிலராவது அறிவியல் புனைவின் பக்கம் வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு விண்கலமோ கோடிக்கணக்கில் பணமோ தேவையில்லை. ஒரு பொய்யைத் தேர்ந்தெடுங்கள். அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கணக்குப் போடுங்கள். கணக்கு எவ்வளவு கசந்தாலும் அதைத் திருத்தாதீர்கள். பிறகு நாங்களே ஆசையோடு எங்கள் காதுகளை நீட்டுவோம், பூச்சுற்ற!